துணியில் முகம்: நெய்வதா, பதிப்பதா, ஒட்டுவதா?

முள்ளிப்பட்டிலிருந்து ஒரு கூட்டுறவு ஆய்வாளர் எழுதுவது

துணியிலே உருவம் எழுப்புவது நம் நெசவாளருக்குப் புதிய வித்தை அன்று. மயிலும் அன்னமும் யாளியும் மாங்காயும் அவர்தம் தறியில் நாள்தோறும் பிறக்கின்றன. ஆனால் இப்பொழுது சங்கத்தின் வாயிற்படியில் வந்து நிற்கும் கேள்வி வேறு. "மணமக்கள் படம் முந்தியில் வரவேண்டும்" என்கிறார் ஒருவர். "காலமான தகப்பனார் முகம் ஒரு பட்டுத் துண்டில் வேண்டும்" என்கிறார் மற்றொருவர். யாளியின் முகம் சற்று மாறிவிட்டால் எவரும் நம்மிடம் வழக்குக்கு வரமாட்டார்கள். தகப்பனாரின் முகம் மாறிவிட்டாலோ, அந்தத் துணியை அவர்கள் கையில் வாங்கவும் மாட்டார்கள்.

ஆகவே இவ்விஷயத்தில் எந்த வேண்டுகோளை ஏற்பது, எதை எவ்வழியில் செய்து கொடுப்பது, அதற்கு எவ்வளவு கூலி கேட்பது என்று நம் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகிறது. அத்தெளிவுக்கு ஓரளவு உதவலாம் என்ற எண்ணத்தினால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஓர் அம்மையார் கேட்ட கேள்வி

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு தறிச்சத்தத்தில் கண் விழிக்கும் ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெருமையில் இவ்வூர்த் தறிகளுக்கும் பங்கு உண்டு. கணக்குத் தணிக்கைக்காக ஒரு முறை அங்கே சென்றிருந்தபோது, சங்கத்து அங்கத்தினராயிருந்து காலமான ஒருவரின் மனைவியார் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அவர் கணவரின் ஒரே படம் அதுதான். மற்றொன்று, சந்தன வெண்மையான ஒரு முழப் பட்டுத் துண்டு. அங்கவஸ்திரத்துக்கென்று பூட்டிய பாவின் கடைசியில் அவர் கணவர் நெய்து எடுத்த துண்டு அது. அதற்குப் பிறகு அவர் தறியில் உட்காரவில்லை.

"ஐயா, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். இந்தப் படத்தை இந்தத் துணியிலே கொண்டுவர முடியுமா? கடையிலே கேட்டால் சூடு வைத்து ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். துணி பொசுங்கிவிடுமோ என்று பயமாயிருக்கிறது" என்றார்.

அவர் பயம் நியாயமானதே. அத்துணி கெட்டால் வேறு துணி இல்லை. அப்படம் கெட்டால் வேறு படம் இல்லை. நான் கல்லூரியில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவன். எனினும் அன்று உடனே விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "சில நாள் அவகாசம் கொடுங்கள், அம்மா" என்று மட்டும் சொல்லி வந்தேன். அச்சில நாட்களில் படித்தும் விசாரித்தும் பரீட்சித்தும் அறிந்தவற்றையே கீழே தருகிறேன்.

மூவகைப் படங்கள்

துணியில் காணும் படங்கள் யாவும் மூவகையுள் அடங்கும். நூலோடு நூலாகப் பின்னிப் பிறக்கும் படம் முதல் வகை. இதுவே நெய்த படம். நூலுக்குள் சாயமாக ஊறி நிற்கும் படம் இரண்டாம் வகை. இதைப் பதித்த படம் எனலாம். நூலின் மேல் மெல்லிய ஏடுபோல் படிந்து கிடப்பது மூன்றாம் வகை. அது ஒட்டிய படம். இம்மூன்றுக்கும் உழைப்பு வேறு, ஆயுள் வேறு, விலையும் வேறு. வாங்குபவர் கண்ணுக்கு எட்டடி தூரத்தில் மூன்றும் ஒன்றாகவே தோன்றக்கூடும். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

வேறுபாட்டை அறிய எளிய வழி உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த படமாயின் பின்புறத்தில் நூல் மிதந்து ஓடுவது தெரியும். முன்புறத்தில் ஒளியாயிருந்த இடம் பெரும்பாலும் பின்புறத்தில் நிழலாயிருக்கும். பதித்த படம் பின்புறத்தில் மங்கலாகவோ தெளிவாகவோ கசிந்திருக்கும். நூலின் பின்னல் எங்கும் மாறியிராது. ஒட்டிய படமாயின் விரலால் தடவும்போதே வழவழப்போ விறைப்போ தட்டுப்படும். துணியை மடித்தால் அவ்விடம் மட்டும் துணிபோல் மடியாது.

நெய்த படத்தின் வரலாறு

பிரான்சு நாட்டு லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அந்நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கும் சாதனத்தை 1804ஆம் ஆண்டில் உருவாக்கினார். நம் தறிகளின் தலைமேல் இன்றும் இருக்கும் பெட்டி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் மறைந்த பின், 1839இல், அவருடைய உருவத்தையே லியோன் நெசவாளர் பட்டில் நெய்தனர். அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள் செலவாயின. அது அச்சுப்படம் என்றே பார்த்தவர் பலர் எண்ணினராம். கணிப்பொறியின் முன்னோடி எனப்படும் ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதியை வாங்கித் தம் இல்லத்தில் வைத்திருந்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார்.

இன்னொரு செய்தி நம் அங்கத்தினர்களுக்கு மேலும் பயன்படும். இங்கிலாந்தில் காவென்ட்ரி என்ற ஊர் பட்டு ரிப்பன் நெசவால் வாழ்ந்தது. 1860இல் பிரான்சோடு ஏற்பட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டின்மீதான சுங்கவரி நீங்கிற்று. அதனால் காவென்ட்ரித் தறிகள் ஓய்ந்தன, நெசவாளர் பட்டினி கிடந்தனர். அவ்வேளையில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற உற்பத்தியாளர், அதே ரிப்பன் தறியில் ஜக்கார்டு பெட்டியின் உதவியால் சிறு சிறு படங்களை நெய்யத் தொடங்கினார். 1862 முதல் புத்தகத்தில் அடையாளம் வைக்கும் பட்டு நாடாக்கள் வந்தன. 1879இல் யார்க் நகரப் பொருட்காட்சியில் தறியை நிறுத்திப் பார்வையாளர் கண் முன்னே பட்டுப்படங்களை நெய்து காட்டி விற்றார். அரசியார் உருவம், அரசியல் தலைவர்கள் உருவம், குதிரைப் பந்தயக் காட்சி என்று அவை பல்வகையாய்ப் பெருகின. இன்றும் அவற்றைத் தேடிச் சேகரிப்போர் உண்டு.

ஸ்டீவன்ஸ் வென்றது எதனால்? படத்தை அழகாக நெய்ததனால் மட்டும் அன்று. ஒரு முறை வெட்டிய அட்டையைக் கொண்டு ஆயிரமாயிரம் பிரதிகள் நெய்து விற்றதனால் வென்றார். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

தறிக்குப் போகும் படம்

கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. தறியின் கணக்கோ வேறு. 240 கொக்கிகள் கொண்ட பெட்டியால் ஒரு படத்தை நெய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் குறுக்கே 240 கட்டங்களுக்கு மேல் இடமில்லை. உயரத்துக்கு 300 ஊடைகள் போட்டால் மொத்தம் 240 × 300, அதாவது 72,000 கட்டங்கள். ஒரு கோடிப் புள்ளியை 72,000 கட்டமாகக் குறைத்தும் முகம் முகமாகவே நிற்கவேண்டும். கண்ணிமை எங்கே, மூக்கின் நிழல் எங்கே, உதட்டோரம் எங்கே என்று ஒவ்வொரு கட்டமாகத் தீர்மானிப்பவர் வரைபடக்காரர். கணினி வந்தபின் அவர் வேலை விரைவாயிற்று, ஆனால் நீங்கிவிடவில்லை. கணினி தானாகக் குறைத்துத் தரும் முகத்தில் நிழல் திட்டுத்திட்டாக விழும். அதைத் திருத்த ஒரு மனிதக் கண் வேண்டும்.

பின்னர் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை வீதம் 300 அட்டைகள் துளையிட்டுக் கோக்கப்படும். ஊடையில் இரண்டு மூன்று நிறங்கள் சேர்ந்தால் அட்டையும் அதற்கேற்பப் பெருகும். மின்னணு ஜக்கார்டு உள்ள இடத்தில் அட்டை இல்லை. வரைபட வேலை அங்கும் உண்டு. நிழலும் ஒளியும் பின்னலின் அடர்த்தியால் வருவன. பாவு மேலே நிற்குமிடம் ஒரு சாயல், ஊடை மேலே மிதக்குமிடம் மற்றொரு சாயல். ஆகவே ஊடையைத் தட்டும் அழுத்தம் ஒரே சீராயிருந்தால்தான் முகம் நீளாமலும் குறுகாமலும் வரும்.

இவ்வகையில் பெருமுயற்சி செய்தால் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இரவி வர்மாவின் 11 ஓவியங்களைத் தாங்கி, சென்னை சில்க்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ஒரு பட்டுச் சேலை 2008ஆம் ஆண்டில் ரூ. 39 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலைக்கு விற்று, கின்னஸ் பதிவேட்டில் இடம் பெற்றது. அத்தகைய பொருளை வாங்குவோர் சிலரே. நம் சங்கத்தின் அன்றாட வரவு செலவை அதை வைத்துக் கணக்கிட இயலாது.

நான் செய்த தவறு

இங்கே என் தவறு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தின் கணக்குகளைப் பார்த்தேன். ஒரு நெசவாளர் மணமக்கள் உருவத்தை முந்தியில் நெய்து கொடுத்திருந்தார். கூலி அட்டவணையில் படமுந்தி என்ற இனமே இல்லாததால், சாதாரண முந்திக்குரிய கூலியே பற்று எழுதப்பட்டிருந்தது. கூட்டலும் கழித்தலும் சரியாயிருந்தன. நானும் கையொப்பமிட்டேன். பிறகு தற்செயலாக அந்த நெசவாளரைச் சந்தித்தபோதுதான், அந்த ஒரு முந்திக்காக அவரும் அவர் மனைவியாரும் எத்தனை நாள் கூடுதலாகத் தறியில் இருந்தார்கள் என்பது தெரியவந்தது. ஏட்டில் இருந்த கணக்கு சரி. தறியில் இருந்த கணக்கு தவறு. அதை நான் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

இனி ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு நெசவாளர் குடும்பத்தின் கூலி ரூ. 600 என்று கொள்க. சாதாரண முந்திக்கு 2 நாள் ஆகும், கூலி ரூ. 1,200. படமுந்திக்கு 6 நாள் ஆகும், கூலி ரூ. 3,600. வரைபடத்துக்கும் அட்டைக்கும் ரூ. 4,000. ஆக ரூ. 7,600 ஆகிறது. சாதாரணக் கூலியான ரூ. 1,200 மட்டும் கொடுத்தால் ரூ. 6,400 எவரோ ஒருவர் தலையில் விழும். அது பெரும்பாலும் நெசவாளர் தலையாகவே இருக்கும்.

அதே அட்டையைக் கொண்டு 4 சேலை நெய்தால் அட்டைச் செலவு சேலைக்கு ரூ. 1,000 ஆகக் குறையும். 40 சேலை நெய்தால் ரூ. 100 ஆகிவிடும். ஆனால் ஒரு குடும்பத்தின் மணமக்கள் படத்தை இன்னொரு குடும்பம் வாங்குமா? வாங்காது. சொந்தப் படத்தின் அட்டை ஒரே சேலையோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. காவென்ட்ரி ஸ்டீவன்ஸுக்கு லாபம் தந்த அதே ஜக்கார்டு பெட்டி நம் நெசவாளருக்கு நஷ்டம் தருவதன் காரணம் இதுவே.

ஆகவே நான் கண்ட முடிவைச் சுருங்கச் சொல்கிறேன். பலர் விரும்பி வாங்கக்கூடிய உருவம் தறிக்கு உரியது: ஊர்க் கோயிலின் கோபுரம், ஒரு கல்லூரியின் சின்னம், ஒரு நிறுவனத்தின் நூற்றாண்டு நினைவு போன்றவை. ஒரு வீட்டாருக்கு மட்டுமே உரிய முகம் பதிப்பதற்கு உரியது. அதையும் நெய்தே தரவேண்டும் என்று ஒருவர் விரும்பினால் தாராளமாக நெய்து கொடுப்போம். ஆனால் வரைபடம், அட்டை, கூடுதல் நாட்கூலி ஆகிய மூன்றையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு நெய்வோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் சொன்ன மொழி.

சூட்டால் மாற்றும் முறைகள்

கடைகளில் ஐந்து நிமிடத்தில் படம் பதித்துத் தருகிறார்களே, அது என்ன முறை என்று பலர் கேட்கின்றனர். காகிதத்தில் அச்சிட்ட ஒருவகைச் சாயம் ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் ஆவியாகித் துணிக்குள் நுழைகிறது. ஆனால் அச்சாயம் பாலியெஸ்டர் இழையில்தான் நிலைத்துத் தங்கும். பருத்தியிலும் பட்டிலும் தங்காது. அவ்வளவு வெப்பம் பட்டுக்குக் கேடும் கூட. அந்த அம்மையாரின் அச்சம் சரியே என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பருத்திக்கு வேறொரு காகிதம் கிடைக்கிறது. அதில் படத்தை அச்சிட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், காகிதத்தின் மேலிருந்த மெல்லிய ஏடு துணியில் ஒட்டிக்கொள்ளும். பை, தலையணை உறை முதலியவற்றுக்கு இது போதும். பல முறை துவைத்தால் ஏடு வெடிக்கும். துவைக்கும்போது உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் துவைப்பது நலம்.

பட்டிலேயே பல வண்ணப் படம் வேண்டுவோர்க்குக் கணினி அச்சு உண்டு. பட்டுக்கேற்ற சாயமையால் அச்சிட்டு, நீராவியில் வேகவைத்து, அலசி எடுப்பது அம்முறை. சாயம் நூலுக்குள் ஊறி நிற்கும். துணியின் மென்மை கெடாது. அதற்குரிய இயந்திரங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்கன அல்ல. தேவையானால் சங்கம் பல வேண்டுகோள்களை ஒன்றாகச் சேர்த்து வெளியே கொடுத்துச் செய்து வாங்கலாம்.

காகிதத்துக்கும் மரத்துக்கும்

படத்தையும் துணியையும் இணைத்துக் கைவினை செய்தல் நம் வீடுகளுக்குப் பழைய பழக்கமே. இரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பின், அவருடைய வண்ணப் படங்கள் நாடெங்கும் வீடுகளுக்குள் புகுந்தன. அப்படங்களிலுள்ள தேவியருக்குப் பட்டுத் துணியாலும் சரிகையாலும் மணிகளாலும் ஆடை தைத்து ஒட்டிச் சட்டமிட்டு மாட்டும் வழக்கம் எழுந்தது. பழைய வீடுகளின் பூஜை அறைகளில் அத்தகைய படங்களை இன்றும் காணலாம். தறியில் எஞ்சும் பட்டும் சரிகையும் அவ்வேலைக்கு ஏற்ற பொருள்கள் என்பதை நம் அங்கத்தினர் குடும்பத்துப் பெண்மணிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்று குடும்பப் படங்களைக் கொண்டும் அவ்வேலையைச் செய்யலாம். லேசர் அச்சில், அல்லது ஜெராக்ஸ் இயந்திரத்தில் எடுத்த பிரதி ஒன்று வேண்டும். நீர்மையால் அச்சிட்ட பிரதி இதற்கு ஆகாது. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் பசையை அட்டையிலோ பலகையிலோ பருத்தித் துணியிலோ மெல்லிதாகத் தடவி, பிரதியின் முகம் கீழே படுமாறு வைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் நீவி, ஓர் இரவு முழுவதும் உலரவிட வேண்டும். மறுநாள் காகிதத்தின் முதுகை நீரால் நனைத்து விரலால் மெல்லத் தேய்த்தால் காகிதம் உருண்டு வந்துவிடும். மை பசையில் தங்கிவிடும். இம்முறையில் படம் இடம் வலமாக மாறி விழும். ஆகவே எழுத்தோ எண்ணோ உள்ள படமானால் பிரதி எடுக்கும்போதே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் பெயர்கள் கண்ணாடியில் பார்த்தது போல் தலைகீழாக நிற்கும். பட்டில் இம்முறையைத் தவிர்க்கவும். பசை காய்ந்தால் பட்டு அட்டைபோல் விறைத்துவிடும்.

வெயிலால் பதித்தல்

அந்த அம்மையாரின் துண்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது சூடும் இல்லாத, பசையும் இல்லாத ஒரு பழைய முறை. 1842இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டது அது. மறு ஆண்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்ற அம்மையார் கடற்பாசிகளை இம்முறையில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். பிற்காலத்தில் பொறியாளர்கள் கட்டட வரைபடங்களைப் பிரதி எடுக்க இதையே கையாண்டனர். 'புளூ பிரிண்ட்' என்று நாம் சொல்வது இதனால் வந்த பெயரே. படம் நீல நிறம் ஒன்றில்தான் வரும்; ஆயினும் அந்நீலம் மிக அழகியது.

முறை வருமாறு. பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஒரு கரும்புட்டியில் வைக்கவும். பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து மற்றொரு கரும்புட்டியில் வைக்கவும். வேண்டும்போது மட்டும் இரண்டையும் சம அளவில், மங்கிய வெளிச்சத்தில் கலந்து, துணியில் தூரிகையால் பரவலாகப் பூசி, இருட்டில் உலர்த்தவும். படத்தின் கறுப்பு வெள்ளையைக் கணினியில் மாற்றி, கண்ணாடித்தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளவும். அத்தாளைத் துணிமேல் வைத்து, மேலே கண்ணாடி ஒன்றை அழுத்தி, வெயிலில் வைக்கவும். எத்தனை நிமிடம் என்பது வெயிலைப் பொறுத்தது. சிறு துண்டுகளில் முதலில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். பிறகு மஞ்சள் நீர் வடிவது நிற்கும்வரை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்தவும். வெயில் பட்ட இடம் நீலமாகும். தாளின் கறுப்பு மறைத்த இடம் துணியின் நிறத்திலேயே நிற்கும்.

எச்சரிக்கைகள் சில. கையுறை அணிய வேண்டும். சமையல் பாத்திரங்களைத் தொடவும் கூடாது. குழந்தைகள் அருகில் வரலாகாது. பெர்ரிசயனைடைச் சூடாக்குவதும் வீரியமான அமிலத்தோடு சேர்ப்பதும் அபாயம். நச்சு வாயு எழும். சரிகை உள்ள பகுதியில் இதைப் பூசவேண்டாம். பதித்த துணியைச் சோப்பு, சோடா முதலிய காரப் பொருளில் துவைக்கக் கூடாது. முதற் பரீட்சையாக ஒரு பருத்தித் துண்டில் பதித்து, அதை என் வீட்டில் வழக்கம்போல் சோப்புப் போட்டு அலசினேன். நீல முகம் பழுத்த இலைபோல் மஞ்சளித்துப் போயிற்று. அப்பாடம் பருத்தித் துண்டோடு போனதே என்று ஆறுதல் அடைந்தேன். நேர்வெயிலில் மாட்டி வைத்தாலும் நீலம் நாளடைவில் வெளிறும்.

மூலப் படம் முக்கியம்

எம்முறையைக் கையாண்டாலும் மூலப் படத்தை நேராக வேலைக்கு எடுக்கவே கூடாது. முதலில் அதைக் கைப்பேசியாலோ ஸ்கேனராலோ பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடம் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த அம்மையாரின் படம் பல மழைக்காலங்களைக் கண்டு, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்திருந்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்திருக்கும். ஆகவே சட்டத்தைக் கழற்றாமலே, கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிக்காதபடி சாய்வாக ஒளியமைத்துப் பிரதி எடுத்தோம்.

சட்டத்தையும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவருடையது. ஆகவே மணவீட்டார் தம் திருமணப் படத்தைக் கொண்டுவந்தால் பொதுவாகத் தடையில்லை. பத்திரிகையிலோ சினிமாவிலோ வந்த படத்தை எடுத்து விற்பனைக்குப் பதிப்பது அவ்வாறன்று. மகாத்மா காந்தி, நேரு போன்ற தலைவர்களின் உருவத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதற்கு 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முத்திரை சொல்லாததைச் சங்கம் சொல்லவேண்டும்

2004 முதல் வழங்கிவரும் பட்டு முத்திரை, இழை தூய பட்டு என்பதை உறுதி செய்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்பதை உறுதி செய்கிறது. ஆனால் கைத்தறியில் நெய்த தூய பட்டின்மேல் இயந்திரத்தால் ஒரு முகத்தை அச்சிட்டுவிட்டால்? இரண்டு முத்திரையும் பொய்யாகா. ஆயினும் வாங்குபவர், அந்த முகமும் தறியில் பிறந்தது என்றே எண்ணி அதற்கான விலையைக் கொடுத்துவிடக்கூடும். இந்த இடைவெளியில்தான் நேர்மையற்றவர் பிழைக்கின்றனர். உண்மையாக நெய்பவர் விலை போகாமல் தவிக்கிறார்.

இங்கிலாந்தில் 1844இல் ராச்டேல் முன்னோடிகள் திறந்த கூட்டுறவுக் கடை கலப்படமற்ற பொருளையும் சரியான எடையையும் தன் அடிப்படையாகக் கொண்டது. அம்முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் வழி வந்த நாம், நம் பொருளில் ஒரு சிறு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்: "இப்படம் நெய்தது", "இப்படம் பதித்தது", "இப்படம் ஒட்டியது." எப்படித் துவைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம். ஓர் அட்டையின் செலவு அற்பம். அதனால் வரும் நம்பிக்கையோ பல்லாண்டு நிற்கும்.

அங்கத்தினர்கள் ஆலோசனைக்கு

சங்கங்களின் பொதுக்குழு மூன்று காரியங்களைத் தீர்மானிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, கூலி அட்டவணையில் படமுந்திக்குத் தனி இனம் ஏற்படுத்தி, வரைபடம், அட்டை, நாட்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுதல். இரண்டாவது, தறியில் எஞ்சும் துண்டுகளைச் சேகரித்து, படம் பதித்த புத்தக அடையாள நாடா, வாழ்த்து மடல், சட்டப்படம் போன்றவற்றைச் செய்ய அங்கத்தினர் குடும்பத்துப் பெண்மணிகளுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்தல். மூன்றாவது, மேலே சொன்ன விவர அட்டையைக் கட்டாயமாக்குதல்.

விளைவிப்போரான அங்கத்தினர்களுக்கும் இதில் இடம் உண்டு. ஆரணி அரிசியின் பெயர் வெளியூர்களில் அறிந்ததே. தம் வயல் அரிசியை நேராக விற்க முனையும் விவசாயி, தம் நிலத்தின் படத்தைச் சல்லடை அச்சு முறையில் பருத்திப் பையில் பதிக்கலாம். படத்தைப் புள்ளிகளாகப் பிரித்துச் சல்லடையில் ஒரு முறை ஏற்றிவிட்டால், பை நூறானாலும் ஆயிரமானாலும் அதே சல்லடை உழைக்கும். அட்டைக்குச் சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும்.

அந்த அம்மையாரின் துண்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பருத்தியில் ஒன்று, வேறு பட்டுத் துணுக்குகளில் இரண்டு என்று பரீட்சித்த பின்னரே அத்துண்டைத் தொட்டோம். ஒரு காலை வெயிலில், அவர் வீட்டு வாசலில், அவரும் அவர் மகளும் பக்கத்திலிருக்கப் பதித்தோம். அலசிய நீரில் மஞ்சள் வடிந்து, நீலத்தின் நடுவே அந்த நெசவாளரின் முகம் மெல்லத் தெளிந்து வந்தது. உலர்ந்த துணியை அம்மையார் விரலால் தடவிப் பார்த்து, "இது துணிமேலே இருக்கிறதா ஐயா, துணிக்குள்ளே இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நூலுக்குள்ளேயே ஊறியிருக்கிறது, அம்மா. அவர் நெய்த நூல்தான்" என்றேன்.

அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை மடித்து மகள் கையில் கொடுத்தார். பெட்டியில் வைக்குமுன் அந்தப் பெண், "சோப்புப் போடக் கூடாது, வெயிலில் மாட்டக் கூடாது" என்று நான் எழுதிக் கொடுத்த சிறு அட்டையை அத்துண்டின் ஓரத்தில் நூலால் கட்டினாள். சங்கப் பொருள் ஒவ்வொன்றிலும் அத்தகைய அட்டை ஒன்று தொங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.